நிழல் இல்லாத ஒரு கிலோமீற்றர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யாழ்ப்பாண நகரைப் பற்றியவை. முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவளிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் பதில் நீளத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த என் மைத்துனி குடும்பம் ஒரு கிழமை நிற்பதாகச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே "ரவுணில் பார்க்க ஒன்றுமில்லை" என்று திருகோணமலைக்குப் போய்விட்டது. நகருக்குள் புதிதாக எதைக் கட்டினால் ஆட்கள் நிற்பார்கள்?
— வாசகர், கோண்டாவில்

பதில்: ஒன்றையும் கட்ட வேண்டாம். மத்திய பஸ் நிலையத்தில் இறங்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நவீன சந்தை, பெரிய கடை, கஸ்தூரியார் வீதியின் நகைக்கடைகள், மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகம், புல்லுக்குளம், அதன் அருகே இந்திய உதவியில் எழுந்து 2025 இல் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்ட கலாசார மையம், முனியப்பர் கோயில், முற்றவெளி, கோட்டை, அதற்கப்பால் பண்ணைக் கடல். எல்லாம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். இவ்வளவையும் இப்படி நெருக்கி வைத்திருக்கும் ஊர்கள் அதிகம் இல்லை. பிழை அந்த ஒரு கிலோமீற்றரில்தான் இருக்கிறது.

கடந்த மே மாதம் என் தங்கையின் பேரப்பிள்ளைகள் இருவரைக் காலை பத்து மணிக்கு அந்த வழியே கூட்டிப்போனேன். முதல் முந்நூறு அடி நடைபாதை கடைக்காரருடையது: பிளாஸ்ரிக் வாளிகள், உடுப்புத் தொங்கும் கம்பிகள், ஒரு தையல் மெசின். இறங்கி வீதியில் நடந்தால் மோட்டார் சைக்கிள்காரர் எங்களைத் திட்டுகிறார்கள். சந்தடி குறைந்த பிறகு வெயில் தொடங்கியது. ஒன்பது வயதுப் பெடியன் ஒரு மின்கம்பத்தின் நிழலைக் கண்டுபிடித்து, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அந்த ஒரு சாண் அகலத்துக்குள் நேராக நின்றுகொண்டான். "அம்மம்மா, எனக்கு இந்த நிழல் காணும், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றான். சின்னவளுக்கு அதற்குள் கழிப்பறை தேவைப்பட்டது. இருந்த ஒன்றில் பூட்டுத் தொங்கியது. திறப்பு வைத்திருந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். நாங்கள் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். கோட்டை அன்று எங்களைக் காணவில்லை. உங்கள் மைத்துனிக்கும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

நாங்கள் பத்துப் பாகை வட அகலாங்குக்குச் சற்றுக் கீழே இருக்கிறோம். ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். இப்படிப்பட்ட ஊரில் மரத்தை அலங்காரம் என்று நினைப்பவர் வகுப்பில் என் பாடத்துக்குத் தூங்கியவராகத்தான் இருக்க வேண்டும். 1829 முதல் 1867 வரை இங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக் துரைக்குக்கூட இது விளங்கியிருந்தது. அவருடைய மாளிகை வளவுதான் இன்றைய பழைய பூங்கா. வெள்ளைக்காரனுக்கு நான் பாமாலை பாடவில்லை; அவர் தனக்காகத்தான் நிழல் தேடினார். ஆனாலும் அந்த மரங்களின் கீழ் இன்று நிற்பவர்கள் நாங்கள்.

ஆகவே என் விருப்பம் சிறியது. பஸ் நிலையத்திலிருந்து கோட்டை வாசல் வரை முப்பது அடிக்கு ஒரு வேம்போ இலுப்பையோ. முதல் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் ஆளிடம் கொடுக்க வேண்டும். "பொதுமக்கள் பராமரிப்பார்கள்" என்று பலகை நட்டால் ஆடுதான் பராமரிக்கும். இடையிடையே சாய்மானம் உள்ள வாங்கு. குடிதண்ணீர்க் குழாய். பூட்டாத கழிப்பறை. குறிகட்டுவான் 776 பஸ்ஸுக்கோ கொழும்பு ரயிலுக்கோ நேரம் இருக்கிறவர் பையை வைத்துவிட்டு வெறுங்கையோடு நடக்க ஓர் இடம். இதற்கெல்லாம் திறப்பு விழா வைக்க முடியாது, நாடா வெட்ட முடியாது. அதனால்தான் நடக்காமல் கிடக்கிறதோ என்னவோ.

கேள்வி: கஸ்தூரியார் வீதியை மாலையில் நடப்பவர்களுக்கு மட்டும் விட வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். வாகனம் வராவிட்டால் வாடிக்கையாளரும் வரமாட்டார். வாடகையை நீங்களா கட்டுவீர்கள்?
— கடை உரிமையாளர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, உங்கள் பயம் வீண்பயம் என்று சொல்லமாட்டேன். கலியாணத்துக்குத் தாலிக்கொடி எடுக்க வருகிறவர்கள் வயதான தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். கடை வாசலில் இறங்கத்தான் பார்ப்பார்கள். அதனால் முழு வீதியையும், எல்லா நாளும் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, ஒரு துண்டு வீதி, மூன்று மாதம். நட்டம் வந்தால் விட்டுவிடுவோம்.

இது எங்களுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்குக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறிக்கிறோம். அங்கப்பிரதட்சணம் செய்பவருக்காக மணல் பரப்புகிறோம். அயல் வீட்டுக்காரர் படலையைத் திறந்து, வளவுக்குள் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் துண்டு கொடுத்து நிறுத்த விடுகிறார்கள். கச்சான் கடைக்காரரைக் கேளுங்கள், வாகனம் வராததால் நட்டப்பட்டேன் என்று ஒருவராவது சொல்வாரா? முருகனுக்குச் செய்வதில் கால்வாசியைக் கடைத்தெருவுக்குச் செய்து பார்க்கலாம். இரவு எட்டு மணிக்குக் கடைகள் அடைபட்டு நகரம் இருண்டுவிட்டால், வந்தவர் விடுதி அறையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறென்ன செய்வார்?

கேள்வி: கோட்டை அகழியில் படகுச் சவாரியும் இரவில் லேசர் ஒளிக்காட்சியும் வைத்தால் என்ன?
— வாசகர், சுண்டிக்குளி

பதில்: வைத்தால் இரண்டு மாதம் கூட்டம் வரும். பிறகு மெசின் பழுதாகும்.

அந்தக் கோட்டைச் சுவரில் கையை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முருகைக்கல். கடற்பிராணிகள் கட்டிய கூடு. கிட்டப் போய்ப் பார்த்தால் சில கற்களில் பூப்போல் விரிந்த வரிகள், சிலவற்றில் இடியப்பத் தட்டைப்போல் துளைகள். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த காலத்தில் தொடங்கிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் ஐந்து மூலைக் கோட்டையாக விரித்தார்கள். 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் 1990 முற்றுகையில் அழிந்தது. இவ்வளவையும் அந்தச் சுவரோரமாக நடந்தபடியே சொல்லத் தெரிந்த பத்து இளைஞர்கள் போதும். எங்கள் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தொல்லியலும் படித்து வேலை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து மணிக்குச் சுற்றத் தொடங்கினால், கதை முடியும்போது பண்ணைக் கடலில் சூரியன் இறங்கும். ஒளிக்காட்சிக்கு மின்கட்டணமும் இல்லை.

கேள்வி: நான் உயர்தர மாணவி. பொது நூலகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது சுற்றுலாப் பயணிகள் வந்து எங்களைப் படம் எடுக்கிறார்கள். அது நூலகமா, காட்சிச்சாலையா?
— மாணவி, கொக்குவில்

பதில்: நூலகம், பிள்ளை. முதலில் உங்களுடையது. படம் எடுக்கிறவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் அவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. சில நாள் கழித்துப் போனபோது ஒரு தாள் என் செருப்பில் ஒட்டிக்கொண்டது. ஓரம் கருகி, நடுவில் நாலு வரி வாசிக்கக்கூடியதாக இருந்தது. கணக்குப் புத்தகம் ஒன்றின் தாள். அதை எடுத்து வைத்திருக்கவில்லையே என்று இன்றும் மனம் அடித்துக்கொள்ளும். வருகிறவர் அந்தக் கதையைத் தேடித்தான் வருகிறார். அதை ஒழுங்காகச் சொல்ல வாசலருகே ஓர் அறை ஒதுக்கினால், சரஸ்வதி சிலையையும் அந்த அறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். வாசிப்பு மண்டபத்தில் நீங்கள் நிம்மதியாக இரசாயனவியல் படிக்கலாம்.

கேள்வி: 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாகக் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம் நகருக்கு இன்னும் தேவையா?
— வாசகர், அரியாலை

பதில்: இளவரசர் தேவையில்லை, கோபுரம் தேவை. "மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நில், வருகிறேன்" என்று சொல்ல வேறு இடம் ஏது? நேரம் பார்க்க எனக்குப் பருத்தித்துறை 750 பஸ் போதும்.

கேள்வி: நகரில் எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று காட்ட ஒரு இடம் அமைப்பதானால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?
— வாசகி, மானிப்பாய்

பதில்: கூழ். முற்றவெளி ஓரத்தில், மாலை ஐந்து மணிக்கு, ஒரு பெரிய பானை. ஒடியல் மா, நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய், முருங்கையிலை, பழப்புளி, செத்தல் மிளகாய். சைவக்காரருக்கு வேறாக ஒரு பானை. பேணியிலோ பிளாஸ்ரிக் கோப்பையிலோ தரக்கூடாது. பனையோலைப் பிளாவில்தான் ஊற்ற வேண்டும். பிளா கோலத் தெரிந்த பெண்கள் தீவுப்பகுதியிலும் வடமராட்சியிலும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கை நிறையக் காசு வரும். குடிக்கும்போது மூக்கிலும் கண்ணிலும் நீர் வரவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக உறைப்பைக் குறைக்கலாமா என்று கேட்டு மறுபடி எழுதாதீர்கள். குறைக்க முடியாது.