இரவு செபத்துக்கு வர மறுக்கும் மகன்: பட்டர்வொர்த் சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. பன்னிரண்டு வயது மகன் ராத்திரி செபமாலைக்கு உட்கார மறுக்கிறான், அதட்டினால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து ஒன்பதரைக்கு வீடு வரும் பிள்ளை முழுச் செபமாலைக்காக 53 முறை 'அருள் நிறைந்த மரியே' செபத்தைச் சொல்ல வேண்டும் என்றால் பாவம்தானே? நாங்கள் வார நாள்களில் செபமாலையின் பத்து மணிகளை மட்டும், அதாவது பத்து முறை மட்டும் சொல்கிறோம், சாப்பாட்டு மேசையிலேயே, தட்டைக்கூட எடுக்காமல்.

அப்புறம் மொழி. மலாய் மொழியில் நடக்கும் தேசியப் பள்ளியில் படிக்கும் என் மகளிடம் ஒருநாள் அந்தச் செபத்தில் வரும் 'திருவயிற்றின் கனி' என்றால் என்னம்மா என்று கேட்டேன், திருதிருவென விழித்தாள், அத்தனை வருடம் வெறும் சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பேசிவிட்டுத்தான் சொல்கிறோம். கடைசியில் ஆளுக்கொரு வேண்டுதல், சொந்த வார்த்தையில், மலாயில் சொன்னாலும் சரி. டெங்கியில் படுத்திருந்த நண்பனுக்காக என் மகன் தானாக வேண்டிக்கொண்ட இரவை என்னால் மறக்க முடியாது.

அப்பாவும் கைப்பேசியை வைத்துவிட்டு உட்கார வேண்டும், இதில் சலுகையே கிடையாது.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் உங்களுக்குப் பக்கம்தானே, ஜூலை 26 திருவிழாக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் ஒரு சனிக்கிழமை காலை அவனை மட்டும் கூட்டிப்போங்கள். குன்றில் இயேசுவின் பாடுகளை நினைத்து நடக்கும் சிலுவைப் பாதை இருக்கிறது. புத்திமதி எதுவும் வேண்டாம், அவன் பேசினால் கேளுங்கள்.