தேநீர் வரலாறு தேடுகிறீர்களா? ராணியை விடுங்கள், திருடனைப் பிடியுங்கள்

கேள்வி: வரலாற்றில் முதுகலை படிக்கிறேன். ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகியதைப் பற்றி ஆய்வேடு எழுத ஆசை. இணையத்தில் எங்கே தேடினாலும் இரண்டே கதைகள்தாம் வருகின்றன. போர்ச்சுகல் இளவரசி சீதனத்தோடு தேயிலை கொண்டுவந்தார். பெட்ஃபோர்டு சீமாட்டிக்கு மாலை நேரத்தில் பசி எடுத்தது. மூல ஆவணங்கள் எங்கே இருக்கின்றன? அடுத்த ஆண்டு லண்டனில் அண்ணன் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறேன். அதற்குள் இங்கிருந்தபடியே எதைப் பார்த்து முடிக்கலாம்?
(மதுரை வாசகி ஒருவர்)

பதில்: அந்த இரண்டு கதைகளையும் முதலில் ஆவணங்களின் முன் நிறுத்திப் பார்த்துவிடுவோம். அது உங்களுக்கு நல்ல பயிற்சியாகவும் இருக்கும்.

கேத்தரின் இளவரசி இரண்டாம் சார்லஸ் மன்னரை மணந்தது 1662இல். ஆனால் 1658 செப்டம்பரிலேயே லண்டன் செய்தித்தாள் ஒன்றில், ஒரு காபிக் கடையில் ‘சீன பானம்’ கிடைக்கும் என்று விளம்பரம் வந்துவிட்டது. கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பெப்பிஸ், தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கோப்பை தேநீர் வரவழைத்துக் குடித்ததாக 1660 செப்டம்பர் 25ஆம் நாள் குறித்து வைத்திருக்கிறார். ராணியார் கப்பல் ஏறுவதற்கு முன்பே சரக்கு கடைக்கு வந்தாயிற்று. அரசவைச் சீமாட்டிகளிடையே அதை நாகரிகமாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு என்று எழுதலாம். எட்மண்ட் வாலர் என்ற கவிஞர் அவரையும் தேநீரையும் சேர்த்துப் புகழ்ந்து பாடியிருக்கிறார். ‘அறிமுகப்படுத்தினார்’ என்று எழுதினால் நல்ல தேர்வாளர் சிவப்பு மையில் கோடு போட்டுவிடுவார்.

பெட்ஃபோர்டு சீமாட்டியின் கதைக்கு ஆதாரம் சற்று மேல். 1841இல் வின்ட்சர் கோட்டையிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்றில், மாலை ஐந்து மணிக்கு விருந்தினரோடு தேநீர் அருந்தியதைக் குறிப்பிடுகிறார். நடிகை ஃபேனி கெம்பிள் 1842இல் பெல்வாயர் கோட்டையில் இதே சீமாட்டியின் அறையில் மாலைத் தேநீரை முதன்முதலாகக் கண்டதாகச் சொல்கிறார். ஆனால் அதைச் சொல்லும் குறிப்பு, கடிதங்களை நூலாக வெளியிட்டபோது, ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து அவர் நினைவிலிருந்து சேர்த்தது. அன்று எழுதிய கடிதம் வேறு, பின்னால் ஒட்டிய குறிப்பு வேறு. மேலும் இந்தச் சான்றுகள் அவர் அப்படித் தேநீர் குடித்தார் என்பதைத்தான் காட்டுகின்றன. அவர்தான் கண்டுபிடித்தார் என்பதற்கு இவை போதா.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ‘தேநீர் அருந்துதல்’ என்று பெயர் எழுதிய கோப்பு எந்த ஆவணக் காப்பகத்திலும் உங்களுக்காகக் காத்திருக்காது. யாரும் தேநீர் குடிப்பதைப் பதிவு செய்வதற்காக எழுதவில்லை. வரி போட்டவர் எழுதினார், களவு கொடுத்தவர் எழுதினார், செத்தவர் வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்தவர் எழுதினார், ஏழை தேநீர் குடிக்கிறானே என்று பொருமியவர் எழுதினார். அந்த எழுத்துகளின் ஓரத்தில்தான் நம் தேநீர்க் கோப்பை இருக்கிறது. ஆகவே எந்தக் காப்பகம் என்பதைவிட, யாருடைய கோப்பை என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் நீதிமன்றத்தில் தொடங்கச் சொல்வேன். லண்டனின் ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் அச்சிட்ட அறிக்கைகள், கிட்டத்தட்ட 2 லட்சம் வழக்குகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல் கொடுத்துத் தேடலாம். மதுரையில் உட்கார்ந்தே ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை எழுதிவிடலாம். வெறும் தேயிலையைத் தேடாமல் தேநீர்க் குடுவை, வெள்ளித் தேக்கரண்டி, தேயிலை டப்பா என்று தேடுங்கள். வேலைக்காரப் பெண் கரண்டியை அடகுக் கடையில் வைத்தது, வாடகைக்கு இருந்தவர் கெட்டிலோடு மறைந்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக் கிடங்குக் கூலி உடுப்புக்குள் தேயிலையை ஒளித்துக்கொண்டு வெளியேறும்போது சோதனையில் சிக்கியது என்று வந்துகொண்டே இருக்கும். சாட்சிகள் பேச்சுவாக்கில் சொல்பவை இன்னும் மதிப்பு மிக்கவை. ‘நான் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்’ என்று ஒரு தையல்காரியோ சுமைக்காரரோ சொன்னால், எந்த மணிக்கு, யாரோடு, எந்த அறையில் என்பதெல்லாம் சேர்ந்து வந்துவிடும். பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லாத இடம் அது.

இதில் ஒரு பொறி உண்டு. வழக்கில் குறித்த விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ பெறுமான பொருளைத் திருடினால் 18ஆம் நூற்றாண்டில் தூக்குதண்டனை. அதனால் மனமிரங்கிய ஜூரிகள், கண்ணெதிரே இருக்கும் பொருளை ‘39 ஷில்லிங்’ என்று மதிப்பிட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். கடைத் திருட்டுக்கு வரம்பு 5 ஷில்லிங். அங்கே 4 ஷில்லிங் 10 பென்ஸ் என்று வரும். இப்படி வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும் தொகையைக் கண்டால், அது ஜூரியின் கருணையைக் காட்டுமே தவிர, பொருளின் விலையைக் காட்டாது.

அடுத்து, பொருமியவர்கள். இவர்களை நான் மிகவும் நம்புகிறேன், அவர்கள் விரும்பாத காரணத்துக்காக. ஜோனஸ் ஹான்வே என்ற வணிகர் 1756இல் தேநீரைத் திட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சாலை செப்பனிடும் கூலிகள்கூடத் தேநீர் குடிக்கிறார்கள், வைக்கோல் உலர்த்துகிறவர்களுக்குக் கோப்பைக் கணக்கில் விற்கிறார்கள் என்று அவருக்கு ஆத்திரம். அவருடைய அறிவுரையைத் தள்ளிவிடுங்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அந்தப் பானம் தெருவுக்கு வந்துவிட்டது என்பதற்கு அவரே சாட்சி. அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், வெட்கமற்ற தேநீர்ப் பிரியன் என்று தம்மையே அறிவித்துக்கொண்டு அடுத்த ஆண்டே அவருக்கு மறுப்பு எழுதினார். அது சுவையான சண்டை. ஆனால் உங்களுக்கு அதைவிடப் பயன்படுபவர் டேவிட் டேவிஸ்.

பெர்க்‌ஷயரில் பார்க்கம் என்ற சிற்றூரின் பாதிரியார் இவர். பண்ணைக் கூலிகளின் குடும்ப வரவுசெலவைக் குடும்பம் குடும்பமாகச் சேகரித்து 1795இல் வெளியிட்டார். ரொட்டி மாவு இவ்வளவு, பன்றி இறைச்சி இவ்வளவு, சோப்பு, மெழுகுவத்தி, அவற்றோடு தேயிலையும் சர்க்கரையும். கூலிக்காரனுக்கு ஏன் இந்த ஆடம்பரம் என்று கேட்ட கனவான்களுக்கு அவர் கொடுத்த பதிலை முழுதாகப் படியுங்கள். மால்ட் எனும் முளைகட்டிய பார்லியின் விலை ஏறிப் போனதால் வீட்டில் பீர் காய்ச்ச வழியில்லை. பசு வைத்துக்கொள்ள முடியாததால் பாலும் இல்லை. மிஞ்சியது ஊற்று நீரில் நிறத்துக்காக நாலு மட்டமான தேயிலையும், பழுப்புச் சர்க்கரையும். தேநீர் ஏழ்மைக்குக் காரணமல்ல, ஏழ்மையின் விளைவு என்று அவர் எழுதினார். ராணி, சீமாட்டி கதைகளில் இல்லாத இங்கிலாந்து இங்கே இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஃபிரெடரிக் ஈடன் வெளியிட்ட மூன்று தொகுதிகளிலும் இத்தகைய கணக்குகள் உண்டு. ஹான்வே, டேவிஸ், ஈடன் மூவரின் பழைய பதிப்புகளும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இலவச மின்நூலகங்களில் கிடைக்கின்றன. பெப்பிஸின் நாட்குறிப்பும் அப்படியே. அதில் 1667 ஜூன் 28ஐப் பாருங்கள்: மருந்துக்கடைக்காரர் சளிக்கு நல்லது என்றாராம், மனைவி தேநீர் தயாரித்துக்கொண்டிருக்கிறார். சுக்குக் கஷாயத்தின் இடத்தில் அப்போது தேநீர்.

எவ்வளவு குடித்தார்கள் என்ற எண்ணிக்கையில்தான் மாணவர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘கஸ்ட் 3’ என்ற வரிசையில் 1696 முதல் 1780 வரையிலான இறக்குமதி, ஏற்றுமதிப் பேரேடுகள் இருக்கின்றன. அவற்றில் எடையை எடுத்துக்கொள்ளுங்கள், பண மதிப்பை விட்டுவிடுங்கள். அது ஆரம்பத்தில் நிர்ணயித்த அரசாங்க மதிப்பு, சந்தையோடு ஏறி இறங்குவதில்லை. எடையும் பாதி உண்மைதான். ஏனென்றால் வரி கட்டாமல் கெண்ட், சசெக்ஸ் கடற்கரைகளில் இறங்கிய தேயிலை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கடத்தல்காரர்களின் துணிச்சலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் 1747இல் பூல் துறைமுகச் சுங்கச் சாவடியையே உடைத்து, பறிமுதலான தங்கள் தேயிலையை மீட்டுக்கொண்டு போனது.

கடத்தல் எவ்வளவு பெரியது என்பதை 1784ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிக்கொடுத்தது. தேயிலை வணிகர் ரிச்சர்ட் ட்வைனிங்கின் ஆலோசனையோடு பிரதமர் பிட் வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்கு இறக்கினார். குறைந்த வருவாய்க்கு வீட்டு ஜன்னல் வரியை ஏற்றினார். அதற்குச் சற்று முன்பு ஆண்டுக்கு 50, 60 லட்சம் ராத்தல் (பவுண்டு எடை) அளவில் இருந்த சட்டபூர்வ விற்பனை, 1785இல் 1.5 கோடி ராத்தலைத் தாண்டியது. ஒரே ஆண்டில் மக்களுக்கு மூன்று மடங்கு தாகம் எடுத்துவிடாது. ஒளிந்திருந்த தேயிலை கணக்குக்குள் வந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தை வைத்து ‘1784க்குப் பிறகே தேநீர் பரவியது’ என்று எழுதிய கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன். குடித்ததெல்லாம் தேயிலையா என்பதும் சந்தேகம்: ஸ்லோ, ஆஷ், எல்டர் மர இலைகளைத் தேயிலையாக்கி விற்பதைத் தடுக்க நாடாளுமன்றம் 1777இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1752க்கு முன் இங்கிலாந்தில் அரசாங்க ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. பிப்ரவரி 1698 என்று ஆவணத்தில் இருந்தால் நம் கணக்கில் அது 1699. எழுத்துக்கூட்டலும் அப்படித்தான்; சா, டீ, டே, தியா என்று எழுதியவர் வாய்க்கு வந்தபடி இருக்கும். போஹி, காங்கு, ஹைசன், சிங்லோ என்ற சரக்குப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். தேயிலை என்ற சொல்லே வராமல் இவை மட்டும் வரும் பக்கங்கள் உண்டு.

இனி அந்த ஒரு வாரம். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம்.

பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியும் அதன்பின் லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த அலுவலகமும் விட்டுச்சென்ற ஏடுகள், இருக்கின்றன. ஜப்பானில் இருந்த கம்பெனி ஊழியர் விக்கம், நல்ல தேயிலை ஒரு பானை அனுப்பச் சொல்லி 1615இல் சக ஊழியர் ஈட்டனுக்கு எழுதிய கடிதம் இந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுதான். சீனத் துறைமுகமான கேன்டனில் நடந்த வணிகத்துக்கு ‘ஜி/12’ வரிசையைக் கேட்க வேண்டும். ஆனால் இவை வாங்கியவனின் கணக்கு, குடித்தவனின் கதை அல்ல. உங்கள் தலைப்புக்கு இவை பின்னணி மட்டுமே என்பது என் கருத்து. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் இந்த நூலகத்தின் பட்டியல்களும் மின்சேவைகளும் நெடுநாள் முடங்கின. ஆகவே போகும் முன் எது கிடைக்கும் என்று மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிளார்க்கன்வெல்லில் இருக்கும் லண்டன் ஆவணக் காப்பகத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். 2024 வரை லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆவணக் காப்பகம் என்ற பெயரில் இருந்தது இதுதான். பழைய அடிக்குறிப்புகளில் அந்தப் பெயரே இருக்கும். 17, 18ஆம் நூற்றாண்டு லண்டன் குடிமக்கள் இறந்தபின் அறை அறையாக எடுத்த சாமான் பட்டியல்கள் இங்கே உள்ளன. எந்த அறையில் தேநீர் மேசை, எத்தனை கோப்பை, சீனப் பீங்கானா மண்ணா என்று பார்க்கலாம். ஒன்றுமில்லாதவருக்குப் பட்டியல் எடுக்க ஆளில்லை என்பதை மறக்க வேண்டாம். இதே காப்பகத்தில்தான் லயன்ஸ் நிறுவனத்தின் ஆவணங்களும் இருக்கின்றன. 1894இல் பிக்காடிலியில் முதல் தேநீர்க் கடையைத் திறந்து, பின்னர் ஊரெங்கும் கிளை பரப்பிய நிறுவனம் அது. அலுவலகப் பெண்கள் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடங்களாக அந்தக் கடைகள் ஆயின. கணக்கு வழக்கு பெருகிப்போய்த் தனக்கென ஒரு கணினியையே உருவாக்கி 1951இல் ஓட்டத் தொடங்கியது என்பது இன்னொரு ஆய்வேட்டுக்கான பொருள்.

உலகப் போர்க்காலம்வரை நீட்டினால் கியூவில் உணவு அமைச்சகக் கோப்புகளும், பிரைட்டன் அருகே ‘தி கீப்’ ஆவணக் காப்பகத்தில், சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்த மாஸ் அப்சர்வேஷன் ஆய்வின் நாட்குறிப்புகளும் உண்டு. 1940 ஜூலையில் தலைக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் என்று தேயிலைக்குப் பங்கீடு வந்து 1952 அக்டோபரில்தான் போனது. ஒரு வாரத்தில் இதையும் தொடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 1839 ஜனவரியில் அசாம் தேயிலையின் முதல் எட்டுப் பெட்டிகள் லண்டனில் ஏலம் போயின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் கோப்பையில் சீனச் சரக்கு சுருங்கி, இந்திய, இலங்கைச் சரக்கு நிறைந்துவிட்டது. இலங்கையில் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்தில் இருந்த தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தோட்டங்களை நடத்திய ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தின் ஏடுகள், நீங்கள் போகப்போகும் அதே லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் ஊர்களிலிருந்து போன தொழிலாளர்களை அவற்றில் தேடினால் பெரும்பாலும் தலை எண்ணிக்கையாகவும் செலவுத் தொகையாகவுமே கிடைப்பார்கள். லண்டன்வாசியின் கரண்டித் திருட்டுக்குச் சாட்சியம் முழுதாக இருக்கிறது. கொழுந்து பறித்தவரின் பெயர் இல்லை. ஆய்வேட்டில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

கடைசியாக நடைமுறை. மேற்சொன்ன லண்டன் காப்பகங்களில் வாசகர் அட்டை இலவசம். கடவுச்சீட்டோடு முகவரிச் சான்றும் தேவைப்படலாம் என்பதால் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். கோப்பு எண்களை மதுரையிலிருந்தே தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பிற காப்பகங்களின் தொகுப்புகளையும் அது காட்டும். வேண்டியவற்றை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கைப்பேசியில் படமெடுக்கும் விதி இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிட்டு எடுங்கள். ஒவ்வோர் ஆவணக் கட்டுக்கும் முதல் படம் கோப்பு எண் எழுதிய அட்டையாக இருக்கட்டும். ஊர் திரும்பியபின் எண் தெரியாத படத்தை அடிக்குறிப்பில் காட்ட முடியாது.