கேளுங்கள், சொல்கிறேன்: மாட்டுங்கா மல்லிகையும் வாணி ஜெயராமும்

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, ‘வாணி ஜெயராம் முதலில் பம்பாய்ப் பாடகி, அப்புறம்தான் மெட்ராஸ் பாடகி’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன, பாதி சண்டை, பாதி சந்தேகம். ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்தான். ரேஷன் கார்டு, சொசைட்டி பார்க்கிங் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் பிறந்து சென்னையில் மறைந்தவரை எந்தக் கணக்கில் பம்பாய்க்காரர் என்கிறீர்கள்? – ஒரு வாசகர், டோம்பிவிலி

தொழில் கணக்கில். 1945 நவம்பர் 30-ல் வேலூரில் பிறந்தார், பெயர் கலைவாணி. கடலூர் ஸ்ரீனிவாச அய்யங்கார், டி.ஆர். பாலசுப்ரமணியன், ஆர்.எஸ். மணி ஆகியோரிடம் கர்நாடக சங்கீதம், எட்டு வயதில் சென்னை வானொலியில் பாட்டு, ராணி மேரி கல்லூரி, அதன்பின் ஸ்டேட் பாங்க் உத்தியோகம். இதுவரை எல்லாம் உங்கள் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வரிசையில் சினிமா எங்கேயாவது வருகிறதா பாருங்கள். ரேடியோ சிலோனில் இந்திப் பாட்டுக் கேட்டுக் கேட்டு, பின்னணிப் பாடகியாக வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலேயே இருந்தது. ஆசை மட்டும்தான்.

வங்கி அவரை 1967-ல் ஹைதராபாத்துக்கு மாற்றியது. அப்புறம் ஜெயராமுடன் கல்யாணமாகி, பம்பாய்க்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். இந்துஸ்தானி கற்றுக்கொள் என்று தூண்டியவர் கணவர். பாட்டியாலா கரானா என்ற இந்துஸ்தானி மரபைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் தும்ரி, கஜல், பஜன் எல்லாம் பாடமாயிற்று, சாதகம் கடுமையாகக் கடுமையாக வங்கி வேலை ஒத்துவராமல் ராஜினாமா. ஸ்டேட் பாங்க் வேலையை ஒரு பெண் பாட்டுக்காக விடுகிறாள் என்றால் பம்பாயில் தமிழர்கள் கூடி வாழும் மாட்டுங்காவின் அந்தக் காலத்து மாமிகள் என்ன பேசியிருப்பார்கள்! இன்றைக்கே பேசுவார்கள். 1969-ல் இங்கே முதல் பொதுக் கச்சேரி, அதே வருஷம் இசையமைப்பாளர் வசந்த் தேசாயின் அறிமுகம். சினிமாவுக்குள் போன வாசல் இந்த ஊரில்தான் இருந்தது, அதைத்தான் சொன்னேன்.

என் பேத்தி பள்ளியில் தினமும் ‘ஹம்கோ மன் கீ சக்தி தேனா’ பாடுகிறாள். அது வாணி ஜெயராம் பாடிய சினிமாப் பாட்டு என்கிறார் மருமகன். பிரார்த்தனைப் பாட்டு சினிமாவிலா? – ஒரு வாசகி, முலுண்டு

மருமகன் சொல்வது சரி (இதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்). 1971-ல் வந்த ‘குட்டி’ என்ற இந்திப் படத்தின் பாட்டு அது. ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கம், குல்சார் எழுத்து, வசந்த் தேசாய் இசை. படத்தில் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையாகவே வரும், அங்கிருந்து நிஜப் பள்ளிக்கூடங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வடக்கே பள்ளிகளில் பாடும் இன்னொரு பிரார்த்தனை ‘ஏ மாலிக் தேரே பந்தே ஹம்’, லதா மங்கேஷ்கர் பாடியது, அதுவும் இதே வசந்த் தேசாய் போட்ட மெட்டுதான்.

ஆனால் ‘குட்டி’யில் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது ‘போலே ரே பபீஹரா’. மியான் கி மல்ஹார், மழை ராகம். பபீஹரா என்பது நாம் அக்காக்குயில் என்கிற பறவை, அதன் கூவலில் ‘பீ கஹாங்’, அதாவது ‘காதலன் எங்கே’ என்ற கேள்வி இந்திக்காரர்கள் காதுக்குக் கேட்கிறது. அந்த ராகத்தில் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், நிலையாக நிற்காமல் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு நிஷாதங்களும், அதாவது இரண்டு வகை ‘நி’யும், ஒன்றையொன்று உரசிக்கொண்டு வர வேண்டும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்திலேயே ஊறிய கர்நாடகக் குரலுக்கு, அந்த ஆட்டத்தை வேகப்படுத்தாமல் அடக்கி வைப்பதுதான் கஷ்டம். ஹெட்போன் போட்டு அந்த ஒரு இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், உஸ்தாதிடம் உட்கார்ந்த நேரம் வீண்போகவில்லை என்று தெரியும். இந்திக்கே புதிய குரல், வயது இருபத்தைந்துதான்.

லதா, ஆஷா அரசியலால்தானே இந்தியில் அவர் நிலைக்கவில்லை? பூசி மெழுகாமல் சொல்லுங்கள். – ஒரு வாசகர், செம்பூர்

பூசி மெழுகவில்லை, ஆனால் கிசுகிசுவுக்கு இந்தப் பக்கத்தில் இடமும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு இந்திப் பாட்டில் பெரும்பங்கு அந்த இரண்டு சகோதரிகளிடம் இருந்தது, மூன்றாவதாக யார் வந்தாலும் மிச்சத்தில்தான் பங்கு. இந்தப் பக்கம் 1973, 74-லேயே தெற்கு அவரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மலையாளத்தில் ‘ஸ்வப்னம்’ படத்துக்கு சலீல் சௌத்ரி, தமிழில் எம்.எஸ்.வி., அப்புறம் தெலுங்கு, கன்னடம். நான்கு மொழியும் சேர்ந்து வேலை கொடுக்கும்போது அந்தேரி ஸ்டூடியோ வாசலில் எதற்குக் காத்திருக்க வேண்டும்? எனக்கு இதில் சோகம் எதுவும் தெரியவில்லை. தவிர, இந்தி அவரை அடியோடு விட்டுவிடவும் இல்லை. 1979-ல் குல்சாரின் ‘மீரா’, இசை பண்டிட் ரவிசங்கர். ‘மேரே தோ கிரிதர் கோபால்’ பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் வந்தது.

என் ஆபீஸ் மராட்டி நண்பர் வாணி ஜெயராம் ‘எங்கள் ஆள்’ என்று அடம்பிடிக்கிறார். – ஒரு வாசகர், தானே

பிடிக்கட்டும், அவருக்கும் பங்கு உண்டு. இந்துஸ்தானிப் பாடகர் குமார் கந்தர்வாவுடன் வாணி பாடிய ‘ருணானுபந்தாச்யா’ பாட்டை இந்த ஊர் மராட்டி வீடுகளில் இன்னும் கேட்கலாம். பால் கோல்ஹட்கர் எழுதிய நாடகப் பாட்டு, மெட்டு வசந்த் தேசாய். பக்கத்தில் குமார் கந்தர்வா பாடும்போது தன் குரலைத் தொலைக்காமல் பாடுவது லேசுப்பட்ட காரியமா! உச்சரிப்பிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. மராட்டியில் நம்மைப் போலவே ளகரம் உண்டு, அந்த ஒரு எழுத்தில் வேலூர்க்காரருக்கு வசதிதான். பத்தொன்பது மொழிகளில் பாடியவர், எந்த மொழிக்காரரும் ‘இது வெளியூர் வாய்’ என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

‘மல்லிகை என் மன்னன் மயங்கும்’ தவிர வேறு என்ன இருக்கிறது அவரிடம்? – ஒரு வாசகர், தாராவி

வம்புக்கு என்றே எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். 1974, ‘தீர்க்க சுமங்கலி’, எம்.எஸ்.வி. நான் சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கினால் பூக்கடை வரிசையைத் தாண்டித்தான் வீடு. வாழை நாரில் கட்டி ஈரத்துணி மூடி வைத்த மல்லிகைச் சரம், பூக்காரம்மா அதை முழம் போடும்போது முழங்கையில் ஒட்டுகிற ஒன்றிரண்டு மொட்டு, அதைப் பார்த்தால் அந்தப் பாட்டு தானாக வாயில் வந்துவிடுகிறது, என்ன செய்ய. ஆனால் அதோடு நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். ‘முள்ளும் மலரும்’ படத்தில் ‘நித்தம் நித்தம் நெல்லுச் சோறு’ கேளுங்கள். சாப்பாட்டுப் பிரியையான ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு மியான் கி மல்ஹார் பாடிய அதே தொண்டை, நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி கத்திரிக்காயைப் பாடுகிறது. கம்பீரமாக வேண்டும் என்றால் ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’. இந்த இரண்டையும் ஒரே ஆள்தான் பாடினார் என்று தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டினால் பந்தயத்தில் ஜெயிக்கலாம்.

தேசிய விருது எத்தனை? பத்ம விருது கையில் வாங்கினாரா? – ஒரு வாசகி, நவி மும்பை

மூன்று தேசிய விருது: அபூர்வ ராகங்கள், சங்கராபரணம், ஸ்வாதி கிரணம். பத்மபூஷண் 2023 ஜனவரி 25-ல் அறிவித்தார்கள், பிப்ரவரி 4-ஆம் தேதி நுங்கம்பாக்கம் வீட்டில் இறந்துவிட்டார். வாங்கவில்லை.

தினம் கல்யாணிலிருந்து வி.டி. ஸ்டேஷன் (இன்றைய சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) வரை ரயில். அவர் பாட்டாக நாலு சொல்லுங்கள். – ஒரு வாசகர், கல்யாண்

ஏறியவுடன் நெருக்கடியில் எதுவும் காதில் ஏறாது, பஜனை கோஷ்டி ஜால்ரா வேறு. டோம்பிவிலி தாண்டட்டும், ‘கேள்வியின் நாயகனே’. தானேயில் உட்கார இடம் கிடைத்தால் ‘மேகமே மேகமே’, கஜல் சாயலில் போட்ட மெட்டு, உஸ்தாதிடம் கற்றது அதில் தெரியும். குர்லாவுக்கு அப்புறம் ‘என் கல்யாண வைபோகம்’. மழைக்காலத்தில் சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று வண்டி அசையாமல் கிடந்தால், நாலாவதாக ‘போலே ரே பபீஹரா’. வண்டி கிளம்புகிற வரை திரும்பத் திரும்பப் போடலாம்.