சிபேப் மாஸ்க் ஒத்துவரவில்லை. வாயில் மாட்டும் கருவி தூக்க மூச்சுத் தடைக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும், ஆனால் எல்லாருக்கும் இல்லை. தேவகோட்டையில் எங்கள் அப்பச்சி (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

குறட்டையைவிட, அது திடீரென்று நின்று போவதுதான் ஆத்தாவுக்குப் பயம். தூங்கும்போது மூச்சை அளந்து பார்க்கிற ஸ்லீப் ஸ்டடி எடுத்ததில் மணிக்கு 22 தடவை மூச்சு தடைப்படுவதாக வந்தது. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் கடுமை என்பது கணக்கு. முதலில் சிபேப் மெஷின்தான் கொடுத்தார்கள். அது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும். தடையைக் குறைப்பதில் அதுதான் கெட்டி. ஆனால் அப்பச்சி பாதி ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார். போதாததற்குத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்து போகிறவர். வழியில் தங்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்டுக்கு ஊர்ப்பட்ட போன் சார்ஜர் காத்துக் கிடக்கும். மெஷினை எங்கே மாட்டுவது?

அப்புறம்தான் டாக்டர், தூக்க மூச்சுத் தடை பார்க்கிற ஒரு பல் டாக்டரிடம் அனுப்பினார். தூக்கத்தில் தசை தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. இந்தக் கருவி கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தாடையோடு நாக்கும் முன்னே வருவதால் காற்றுக்கு வழி கிடைக்கிறது. பல்லுக்கு அச்சு எடுத்து, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்றாகச் செய்வார்கள். பக்கவாட்டில் குட்டித் திருகு இருக்கும். அதைத் திருகித் திருகித் தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் தாடை மூட்டு வலி பிடித்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் எச்சில் ஒழுகித் தலையணை நனையும். அது தானாகச் சரியாகிவிடும். காலையில் கழற்றியதும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராது. இட்லி இறங்கும், சீப்புச்சீடை பக்கம் போக முடியாது. தாடைக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்தால் சற்று நேரத்தில் பழைய நிலைக்கு வரும். வருஷக்கணக்கில் போட்டால் பல் வரிசையே லேசாக நகரலாம், அதனால் பல் டாக்டரை அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும். வெந்நீரில் மட்டும் கழுவாதீர்கள், வளைந்துவிடும்.

முக்கியமான விஷயம், குறட்டை நின்றால் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சத்தம் அடங்கியும் மூச்சு தடைப்படலாம். கருவியைப் போட்டுக்கொண்டே மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுங்கள். அப்பச்சிக்கு 22 என்பது 7 ஆகியிருந்தது. மெஷினில் இதைவிடக் குறைந்திருக்கும்தான். ஆனால் பாதி ராத்திரியில் கழற்றி வைக்கிற மெஷினைவிட விடியும்வரை வாயில் இருக்கிற கருவி மேல் என்பது என் கட்சி. கடுமையான நிலையில் இருப்பவர்கள் மட்டும் இந்தக் கட்சியில் சேர வேண்டாம், மெஷினோடு முடிந்தவரை மல்லுக்கட்டிப் பாருங்கள்.

ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்து அச்சு பதிக்கிற மலிவு வகை கிடைக்கிறது. வாங்காதீர்கள். சரியாகப் பிடிக்காது, பலவற்றில் தாடையைச் சிறுகச் சிறுக நகர்த்தவும் வழியில்லை.

அப்பச்சியைப் பார்த்துச் சித்தப்பாவும் ஆசையாக அச்சு எடுக்கப் போனார். அவருக்கு மேலும் கீழும் பல்செட். பிடிமானத்துக்குச் சொந்தப் பல் வேண்டுமே! அவருக்கு மெஷின்தான்.