மாதுங்காவில் ஓர் அறை

அன்புள்ள ஐயா,

மும்பையில் தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கே தேடினாலும் தன்பாலுறவு குற்றமல்ல என்ற 2018 தீர்ப்பிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. அதற்கு முன் அவர்களுக்கென்று ஒரு சமூக வாழ்க்கை இருந்ததா? எங்கள் பாலக்காட்டுப் பக்கம் இதெல்லாம் கிடையாது, நகரத்தில் முளைத்த பழக்கம் என்கிறார்கள் வீட்டில். பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரோடு ஊரையும் எடுத்துவிட்டேன். பாலக்காட்டை மட்டும் விட்டுவைத்தேன், நானும் அந்தப் பக்கத்தவன் என்பதால்.

அசோக் ராவ் கவி தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று ‘பாம்பே தோஸ்த்’ பத்திரிகையைத் தொடங்கியது 1990இல். ஹம்சஃபர் டிரஸ்ட் என்ற அமைப்பு 1994இல் வந்தது. 2008 ஆகஸ்ட் 16 அன்று ஆகஸ்ட் கிராந்தி மைதானத்திலிருந்து தன்பாலீர்ப்பாளர்களின் ஊர்வலம் கிளம்பியது. ‘வெள்ளையனே வெளியேறு’ முழங்கிய அதே மைதானம். அவர்கள் எதிர்த்த, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவும் 1860இல் வெள்ளையன் எழுதி வைத்ததுதான். வீட்டில் சொல்வதற்கு இதற்கு மேல் பதில் கிடையாது. ஆனால் கடிதம் முழுக்க ‘அவர்கள்’, ‘அவர்களுக்கென்று’ என்று எட்ட நின்றே எழுதியிருக்கிறீர்களே, யாருக்குப் பயந்து? என்னிடமுமா?

சில நாட்களாக நானே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்கும் ஊர்வலத்துக்கும் முன்னால் பம்பாய் கொடுத்தது வாடகை அறை. 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய வாடகைகள் உறைந்துபோயின. வாடகைக்கு விடவென்று புதிதாகக் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. வீடு பிடிக்க ‘பகடி’ என்று கேட்கும் பெருந்தொகையைக் கொடுக்க வக்கில்லாத குமாஸ்தா, அறையில் பாதியைத்தான் பிடிக்க முடியும். இரண்டு பிரம்மச்சாரிகள் ஓர் அறையில் இருபது வருடம் இருந்தால் அந்த ஊரில் அது இடநெருக்கடி. அக்ரஹாரத்தில் இருந்திருந்தால் மூன்றாம் நாளே திண்ணையில் பேச்சு எழுந்திருக்கும். பெண்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. சேர்ந்து வீடு கேட்கும் இரு பெண்களை அந்த ஊரும் ஏற இறங்கத்தான் பார்த்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

என் அம்மாஞ்சி (மாமா பிள்ளை) ஒருவர், சுருக்கெழுத்தும் தட்டச்சும் முடித்துவிட்டு ஜெயந்தி ஜனதா ரயிலில் ஏறிப் போனவர், பம்பாய் மாதுங்காவில் அப்படித்தான் இருந்தார். அறையின் மறுபாதி ஒரு மங்களூர்க்காரருடையது. வருடம் தவறாமல் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேருக்கு இருவரும் வருவார்கள். பாட்டி பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டு, மங்களூர்க்காரருக்குப் பிடிக்குமென்று காளனை இன்னொரு கரண்டி விடுவாள். அவளுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அம்மாஞ்சிக்குப் பெண் பார்க்கும் பேச்சை எடுத்தவர்களை அவள் ஒருமுறை வாசலோடு அனுப்பியது மட்டும் எனக்குத் தெரியும். நம் பக்கம் கிடையாது என்கிறீர்களா?

அம்மாஞ்சி நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனார். பாட்டி அப்போது இல்லை. சாமான்களை எடுத்துவர மாமாவும் மாமியும் நானும் போனோம். வாடகைச் சீட்டு அம்மாஞ்சி பெயரில் இருந்தது. மாமா வீட்டுக்காரரோடு கணக்கை முடித்து, மங்களூர்க்காரருக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார். பெருந்தன்மை என்று நினைத்துத்தான் கொடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன்.

2018இல் குற்றம் நீங்கியது, சரி. 2023 அக்டோபரில் திருமணத்தை அங்கீகரிக்க உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. உயில் எழுதாமல் ஒருவர் போய்விட்டால், இன்னொருவர் இன்றைக்கும் வாசலில்தான் நிற்க வேண்டும். தீர்ப்பைக் கொண்டாடுபவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். நீங்களாவது சுளிக்காமல் படியுங்கள். வாடகைச் சீட்டில் யார் பெயர், ஆஸ்பத்திரிப் படிவத்தில் யார் பெயர், ரேஷன் அட்டையில் யார் பெயர் என்று பாருங்கள். நீங்கள் தேடும் வரலாறு அந்தக் காகிதங்களில்தான் கிடக்கிறது, பெரும்பாலும் பெயர் இல்லாத இடத்தில்.

மங்களூர்க்காரர் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார், பித்தளைக் காபி ஃபில்டர். அது எங்காத்துப் பாத்திரம் என்று மாமி சொல்லிவிட்டாள். இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது, மேல் தட்டு மட்டும். கீழ்ப் பாத்திரம் வழியிலேயே தொலைந்துவிட்டது.