டெண்டர் சிண்டிகேட்: முதலில் போய்ச் சொன்னால் தப்பலாமா?

கேள்வி: ரயில்வேக்கு உதிரிபாகம் சப்ளை செய்யும் சிறு நிறுவனம் என்னுடையது. எந்த டெண்டரில் யார் எல்-ஒன் (குறைந்த விலை கேட்டு ஆர்டரைப் பெறுபவர்) என்று நாங்கள் நான்கு பேர் வாட்ஸ்அப்பில் பேசிவைத்து ரேட் போட்டு வந்தோம். இப்போது எங்களில் ஒருவருக்கு வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பதை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்திலிருந்து (சி.சி.ஐ.) கடிதம் வந்திருக்கிறது. எல்லோரும் ஒற்றுமையாக மறுத்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. அந்த ஒற்றுமை நிலைக்காது. நிலைக்காதபடிதான் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. தனித்தனி அறையில் விசாரிக்கப்படும் இரண்டு கைதிகளை வைத்துப் பொருளாதாரப் பாடத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். இருவரும் வாயைத் திறக்காவிட்டால் இருவருக்கும் நல்லது. ஆனால் மற்றவன் முந்திக்கொள்வானோ என்ற பயத்தில் இருவருமே சொல்லிவிடுவார்கள். போட்டிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு நம்பியிருப்பது அந்தப் பயத்தைத்தான். முதலில் வந்து முழுதாகச் சொல்பவருக்கு அபராதத்தில் 100 சதவீதம் வரை குறைப்பு. இரண்டாமவருக்கு 50 வரை, அதற்குப் பின்னால் வருபவருக்கு 30 வரை.

'வரை' என்பதைக் கவனியுங்கள். பேட்டரி நிறுவனங்கள் கூடி விலை வைத்த வழக்கில் (2018) முதலில் போன பானாசோனிக்குக்கு முழு விலக்கு கிடைத்தது. இரண்டாவதாகப் போன எவரெடிக்கு 30 சதவீதக் குறைப்புதான். ரயில்வே மின்விசிறி டெண்டர் வழக்கில் (2017) தானாக முன்வந்த நிறுவனத்துக்கே 75 சதவீதம்தான். ஆணையத்தின் கையில் அதற்குள் ஆதாரம் சேர்ந்திருந்தது. உங்கள் விஷயத்திலும் கடிதம் வந்தாயிற்று. விசாரணை அறிக்கை ஆணையத்துக்குப் போய்விட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

'சிறு நிறுவனத்தை விட்டுவிடுவார்கள்' என்றும் சொல்லியிருப்பார்கள். 2020-இல் ரயில்வே பிரேக் பிளாக் வழக்கில் குற்றம் உறுதியாகியும் அபராதம் போடவில்லை. இனிமேல் செய்யாதே என்று உத்தரவிட்டதோடு சரி. அதில் பலர் சிறு நிறுவனங்கள், விசாரணைக்கு ஒத்துழைத்தவர்கள், கொரோனா நெருக்கடியில் இருந்தவர்கள். அது ஆணையம் பார்த்துச் செய்த சலுகை, உங்கள் உரிமை அல்ல. சட்டப்படி, சிண்டிகேட் நடந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போடலாம்.

நான் அதிகம் பயப்படுவது இரண்டு பேருக்கு. 'நாலு பேருக்கும் ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம்' என்கிற சங்கத்துக்காரர் ஒருவர். உங்கள் நலனும் மற்ற மூவர் நலனும் எதிரெதிர். ஒரே வக்கீல் எப்படி உங்களை முதலில் போகச் சொல்வார்? 'டெல்லியில் ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்' என்கிற ஏஜெண்ட் இன்னொருவர். முடித்துத் தர அங்கே ஒன்றுமில்லை. மனு யாருடையது முதலில் வந்தது என்ற வரிசை மட்டும்தான். 'கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும், பார்த்துக்கொள்ளலாம்' என்றும் சொல்வார்கள். இழுப்பது உண்மைதான். டயர் நிறுவனங்கள் கூடி விலை வைத்த வழக்கில் 2018-இல் ஆணையம் எழுதிய உத்தரவு 2022 வரை மூடிய உறையிலேயே கிடந்தது. இந்தத் தாமதம்தான் சிண்டிகேட்காரர்களுக்குத் துணிச்சல் தருகிறது. எனக்கு ஆறவே இல்லை. ஆனால் அதை நம்பி நீங்கள் உட்கார்ந்திருக்க முடியாது.

உங்களுக்கென்று தனி வக்கீலை இன்றே பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பை அழிக்காதீர்கள்; ஆதாரத்தை அழித்தவருக்குச் சலுகை கிடையாது. விண்ணப்பிக்கப் போவதை மற்ற மூவரிடமும் சொல்லாதீர்கள்.