பைக் ஃப்ரேம், பின் ஷாக்: காரைக்குடி பட்டறைக்காரர்கிட்ட கேளுங்க

இன்னைக்கு பட்டறை லீவு, ஃப்ரேம், ஸ்விங் ஆர்ம் (பின் வீலைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆடுற கை), பின் ஷாக் பத்தி எது வேணாலும் கேளுங்க. முதல்லயே சொல்லிடறேன், ஹேண்டில் நிக்கிற ஃப்ரேம் கழுத்துல சேஸ் நெம்பர் அடிச்சிருக்கிற இடத்துல கிரைண்டர் வைக்கிற வேலைக்கு என்கிட்ட வராதீங்க.

கண்டனூர் தம்பி: அண்ணே, ஸ்ப்ளெண்டர்ல ரெட்டை ஷாக்கை கழட்டிட்டு மோனோ, அதான் ஒத்தை ஷாக், போடணும். மெக்கானிக் ஒருத்தர் நடுவுல ஒரு பட்டையை வெல்டு பண்ணி அரை நாள்ல முடிச்சுத் தர்றேங்கிறார். போடலாமா?

பதில்: போடலாம் தம்பி, ஆனா அந்த அரை நாள் வேலை வேண்டாம். கணக்கைப் பாரு. ஸ்விங் ஆர்ம் ஃப்ரேம்ல மாட்டி ஆடுற பிவட்ல இருந்து வீல் அச்சு, அதாவது ஆக்ஸில் வரைக்கும் 50 செ.மீ.னு வச்சுக்குவோம். கம்பெனி ஷாக் கிட்டத்தட்ட ஆக்ஸில் பக்கத்துலயே நிக்குது, வீல் மேல வர்ற அடியை ரெண்டு ஷாக்கும் பாதிப் பாதியா வாங்கிக்குது. நீ மோனோவை பிவட்ல இருந்து 25 செ.மீ.ல மாட்டுற, இப்ப வீல் 10 செ.மீ. ஏறுனா ஷாக் 5 செ.மீ. தான் அமுங்கும், ஆனா ஷாக் மேல விழுற விசை ரெண்டு மடங்கு, அதுவும் மொத்தமா ஒரே மவுண்ட்ல (ஷாக்கை மாட்டுற பிடியில). அதாவது முன்னாடி ஒவ்வொரு மவுண்டும் தாங்குனதைவிட சுமார் 4 மடங்கு. ஸ்பிரிங்கும் பழைய ரெண்டையும் சேர்த்தா வர்ற கெட்டியைப் போல 4 மடங்கு வேணும், ஏன்னா விசை ரெண்டு மடங்கு, அமுங்குறது பாதி, ரெண்டும் பெருகும். இவ்வளவு விசையையும் நடு பைப்போட மத்தியில ஒரு பட்டையை ஒட்டி அது தலையில ஏத்துனா பைப் வளையாம என்ன பண்ணும்? மேல் மவுண்ட்ல இருந்து ரெண்டு பக்கமும் முக்கோணமா தாங்கு பைப் கொடுத்து, அந்த விசையை பிவட்டுக்கும் கழுத்துக்கும் கொண்டு போகணும். ஸ்விங் ஆர்ம்லயும் அப்படித்தான், கீழ் மவுண்ட் வர்ற குறுக்குப் பைப்பை கெட்டியாக்காம விட்டா அங்கதான் மொத விரிசல் விழும்.

பழைய கடை ஷாக் வாங்குறவங்களுக்கும் இதே கணக்குதான். 2008ல வந்த யமஹா ஆர்15 பின்னாடி லிங்க் (ஸ்விங் ஆர்முக்கும் ஷாக்குக்கும் நடுவுல வர்ற நெம்புத் துண்டு) வச்ச மோனோ, அதே வருஷம் வந்த யமஹா எஃப்இசட்16ல லிங்க் கிடையாது. லிங்க் வண்டி ஷாக்கை லிங்க் இல்லாம மாட்டிட்டு "கல்லு மாதிரி இருக்கு", "தொபுக்குனு உக்காருது"னு என்கிட்ட வந்து நிக்காதீங்க.

பள்ளத்தூர்: முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய இரும்புக் கட்டில் ஒண்ணு வாங்கினேன்ணே, பைப் நல்ல கனம். அதுல பின் ஃப்ரேம் கட்டலாமா?

பதில்: கட்டில்ல படுங்க. அது என்ன இரும்பு, உள்ள எவ்வளவு துரு, எதுவும் தெரியாது. சீம்லெஸ், அதாவது ஒட்டு இல்லாத பைப் புதுசா வாங்குங்க. ஜிஐ பைப்பும் வேண்டாம், மேல இருக்கிற துத்தநாகம் வெல்டு பண்றப்ப புகையா வரும், மூச்சுல ஏறுனா ராத்திரி குளிர் காய்ச்சல் வந்துடும்.

தேவகோட்டை: எங்க ஐயா ஓட்டுன புல்லட் இருக்கு. பின்னாடி ஷாக்கே தெரியாத மாதிரி பாபர், அதான் மட்கார்டெல்லாம் குறைச்ச பழைய ஸ்டைல் வண்டி, ஆக்கணும்.

பதில்: ஆகா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அமெரிக்கா ஹார்லி கம்பெனி 1984ல சாஃப்ட்டெயில்னு கொண்டு வந்தது இதுதான், பார்க்க ஷாக்கே இல்லாத வண்டி, ஆனா கியர்பாக்ஸுக்கு அடியில ரெண்டு ஷாக் படுத்திருக்கும். வேடிக்கை என்னன்னா வீல் மேல ஏறுனா அது அமுங்காது, இழுபடும். வீலைப் பிடிக்கிற முக்கோண ஸ்விங் ஆர்ம் பிவட்டைச் சுத்தித்தானே திரும்புது, வீல் மேல போறப்ப பிவட்டுக்குக் கீழ இருக்கிற மவுண்ட் பின்பக்கமா நகரும், ஷாக்கோட முன்முனை ஃப்ரேம்ல கட்டிக் கெடக்கு, அப்ப நீளத்தானே செய்யும்! அதனால சாதா ஷாக்கை அங்க மாட்ட முடியாது. 2018 மாடல்ல அவங்களே அதை விட்டுட்டு சீட்டுக்கு அடியில ஒரே ஷாக்குக்கு வந்துட்டாங்க. நீங்களும் அப்படியே செய்ங்க. ஆனா ஐயா வண்டிங்கிறீங்க, நானா இருந்தா அதை வெட்ட மாட்டேன்.

புதுவயல்: மோனோ ஷாக்கை கண்டுபிடிச்சதே யமஹா தான், ஹார்லி கதையெல்லாம் எதுக்கு?

பதில்: இல்லைங்க. இங்கிலாந்துல வின்சென்ட்னு ஒரு பைக் கம்பெனி 1928லயே முக்கோண ஸ்விங் ஆர்ம் போட்டு ஸ்பிரிங்கை சீட்டுக்கு அடியில வச்சாச்சு.

புதுவயல்: அதுல ரெண்டு ஸ்பிரிங் பெட்டி. மோனோன்னா ஒண்ணு.

பதில்: நல்லா மடக்குறீங்க. ஆனா 1955 சீரிஸ் டி வண்டியில அவங்களும் ஒத்தை ஷாக்குக்கு வந்துட்டாங்க. யமஹாவுக்கு அந்த டிசைனைக் கொடுத்தது பெல்ஜியத்துல டில்கன்ஸ்னு ஒரு பேராசிரியர், 1973 மோட்டோகிராஸ் (மேடு பள்ள மண் ரேஸ்) 250 சிசி உலகப் பட்டத்தை அதை வச்சுத்தான் ஹாக்கன் ஆண்டர்சன் ஜெயிச்சார். டேங்குக்கு அடியில கழுத்து வரைக்கும் போற நீள ஷாக், வீல் ஏத்த இறக்கம் அதிகமா கெடைச்சது. யமஹா செஞ்சது பெரிய வேலை, ஆனா மொத வேலை இல்ல.

புதுவயல்: அப்ப வின்சென்ட் ஏன் ஊரெல்லாம் ஓடல?

பதில்: விலை. அந்த வண்டிக்கு நாம பார்க்கிற மாதிரி ஃப்ரேமே கிடையாதுங்க, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த அவங்க ரேபிட் மாடல்ல மேல ஒரு பெட்டி, அதுதான் ஆயில் டேங்க், அதுல இன்ஜினைத் தொங்கவிட்டு பின் ஸ்பிரிங்கையும் அதுலயே கோத்துட்டாங்க. முக்கோணம் முக்கோணமா விசை போற வழியை நேரா வச்சவன் அவன். நான் அந்தக் கண்டனூர் தம்பிக்கு சொன்னதும் அதே சங்கதிதான்.

கோட்டையூர்: அண்ணே, பேஷன் ப்ரோல மோனோ போடலாமா?

பதில்: கண்டனூர் தம்பிக்கு சொன்னதைப் படிங்க.

செக்காலை: டிஸ்கவர்ல மோனோ...

பதில்: மேல.

கல்லல்: எந்த சைலன்சர் போட்டா சத்தம் நல்லா வரும்?

பதில்: ஆள் நான் இல்ல.

திருப்பத்தூர்: ஸ்விங் ஆர்மை 3 இஞ்ச் நீட்டணும், செயின் பிரச்சனை வருமா?

பதில்: வரும். முன் பல்சக்கரம், பிவட், ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வர்றப்பதான் செயின் ரொம்ப இறுகும். ஷாக்கை கழட்டிட்டு வீலை அந்த நிலைக்குத் தூக்கிப் பிடிச்சு அங்க லேசா தொளதொளப்பு விடுங்க, ஸ்டாண்டுல நிறுத்தி வச்சுப் பார்த்தா ஏமாந்துடுவீங்க. ஆர்ம் நீண்டா ஷாக் மேல வர்ற விசையும் கூடும், அதையும் கணக்குல சேருங்க.

திருமயம்: போலீஸ் புடிச்சா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சியில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 182ஏ பிரிவுல ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. கண்மாய்க்கரை செம்மண்ல சொந்த இடத்துல ஓட்டுங்க, ரோட்டுக்குன்னா ஆர்டிஓ ஆபீஸ்ல மொதல்ல கேளுங்க. நெம்பர் இருக்கிற கழுத்தைத் தொட்டா அது வேற கேஸு, திரும்பவும் சொல்றேன்.

குன்றக்குடி: எல்லாம் மாட்டியாச்சு, ஸ்பிரிங் சரியான்னு எப்படிப் பார்க்கிறது?

பதில்: ஆக்ஸிலுக்கு நேர் மேல ஃப்ரேம்ல ஒரு மார்க் போட்டு, வீல் தொங்கறப்ப ஒரு அளவு, நீங்க ஏறி உக்காந்தப்ப ஒரு அளவு எடுங்க. மொத்த ஏத்த இறக்கத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள இறங்கியிருந்தா சரி. பாதி இறங்குனா பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற திருகு) மட்டும் திருகிச் சமாளிக்காதீங்க, ஸ்பிரிங்கை மாத்துங்க. பின் சீட்டுல ஆளை ஏத்துறவங்க ஆளோட அளந்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.